ஐந்தாம் சேனல் முப்பிடாதி

பிள்ளைமடை என்கிற எங்கள் ஊரை நடுவே பிளந்துகொண்டு பெரிய கால், அதாவது வாய்க்கால், ஓடுகிறது, காலுக்குக் கிழக்கே இருக்கிறவன் மேற்கே இருக்கிறவனை மனுசனாக மதிக்கமாட்டான், மேற்கே இருக்கிறவன் கிழக்கே இருக்கிறவனை எதுவாகவும் மதிக்கமாட்டான், இரண்டு பேருக்கும் ஒரே அம்மன், ஒரே பாலம், ஒரே பஸ், ஒரே சுடுகாடு, ஆனாலும் அம்மன் திருவிழாவான கொடைக்கு மட்டும் தனித்தனி வரி, தனித்தனிப் பந்தல், தனித்தனி ரோஷம்; இப்படிப்பட்ட ஊரில் ஒரு கொடை முடிந்த மறுநாள் காலையிலிருந்து மேலக்கரை வள்ளிநாயகத்தின் மனைவி முப்பிடாதியின் குரல் கீழக்கரையில் மட்டும் கேட்கத் தொடங்கியது. மேலக்கரையில் நிற்கிற ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் தன் வீட்டு அடுக்களையில் நின்று "அந்த உப்புச் சட்டிய எடுங்க" என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிற புருசனுக்குக் கேட்காது, காலுக்கு இந்தப் பக்கம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிற எனக்குக் காதோரம் கேட்கும். நான் இங்கேயிருந்து எந்த உப்பை எடுத்துக் கொடுப்பது?

காரணம் கேட்பீர்கள், சொல்கிறேன், ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு எங்கள் ஊரில் யாரும் எதையும் கிழித்துவிடவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு எதிர்க்கடை உச்சிமாகாளியின் சவுண்ட் சர்வீஸ். அவரிடம் வெகுகாலம் இருந்தது இரண்டே திருகு வைத்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், அதை வைத்துக்கொண்டு கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், இழவு எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் நடத்திக்கொண்டிருந்தார். கொடைக்குக் கொடை மேலக்கரைக்காரர்கள் வந்து கீழக்கரைக் குழாய் ஸ்பீக்கர்தான் அதிகமாகக் கத்துகிறது என்பார்கள், கீழக்கரைக்காரர்கள் போய் மேலக்கரைக் குழாய்தான் அதிகமாகக் கத்துகிறது என்பார்கள், நடுவில் அவர் காது அடைத்துப்போய் நிற்பார். இந்தச் சண்டையைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் பதினாறு சேனல் மிக்சர் ஒன்றை வாங்கி வந்தார். அது ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்தது. மைக்குக்கு ஒரு சேனல், சேனலுக்குச் சேனல் மேலிருந்து கீழாகச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று திருகுகள், கடைசியில் மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர். விற்றவன் விளக்கப் புத்தகம் தரவில்லை, இவரும் கேட்கவில்லை, கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவானாம்.

"இது எதுக்குண்ணே?" என்று நான் ஒரு திருகைத் தொட்டால் என் கையைத் தட்டிவிடுவார்.

"அது வேணுங்கும்போது வேணும்டே. நீ போயி டியூப மாட்டு."

அவருக்குத் தெரிந்தது ஃபேடர் மட்டும்தான், தள்ளினால் சத்தம் கூடும், இழுத்தால் குறையும், மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் அழகுக்கு வைத்தது என்று உள்ளூர நம்பினார். மிக்சரின் முதுகில் இடது என்று ஒரு துளையும் வலது என்று ஒரு துளையும் இருந்தன. மனிதருக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. இடதை எடுத்துக் கீழக்கரைக் குழாய்களுக்கு இழுத்தார், வலதை எடுத்துப் பாலத்தின் கைப்பிடியோடு கட்டி மேலக்கரைக்கு இழுத்தார், ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்து "இந்தா, இனி ஒங்க சத்தம் ஒங்க கையில" என்று இரண்டு கமிட்டியிடமும் ஒப்படைத்தார். பாகப்பிரிவினை செய்துவைத்த வக்கீல் மாதிரி அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

முப்பிடாதி கீழக்கரை அங்கன்வாடியில் டீச்சர். மேலக்கரையில் வாழ்க்கைப்பட்டவள், கீழக்கரையில் வேலை பார்ப்பவள், கணீரென்ற குரல், அதனால் இரண்டு கரையும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் கொடையில் அறிவிப்புச் செய்ய அவளை வைப்பது. அவளுக்கு ஐந்தாவது மைக், ஐந்தாவது சேனல். மதியம் நெருங்கும்போது இரண்டு கமிட்டிக்காரர்களும் வந்து மாகாளியின் இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் கத்த, அவர் ஆத்திரத்தில் மிக்சரின் மேல் இரண்டு கையையும் போட்டுக் கண்டதையும் திருகினார். அதில் ஐந்தாம் சேனலின் மஞ்சள் திருகு இடது கோடி வரை போய் நின்றுகொண்டது. "அன்னதானம் ஆரம்பமாயிட்டு, எல்லாரும் வந்து சாப்பிடுங்க" என்று அவள் அழைத்தது எங்கள் கரைக்குப் போயிற்று, அந்தக் கரைக்குப் போகவில்லை. நாங்கள் ரசத்துக்கு வந்தபோதுகூட மேலக்கரை முழுதும் தங்கள் பந்தலில் கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தது. அண்டாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தார்கள், அகப்பையால் அடித்துக்கொண்டோம், அது எங்களுக்கு வழக்கம்தான். மறுநாள் வயரைச் சுருட்டி, மிக்சரைத் துணியால் மூடிக் கடைக்குள் வைத்த பிறகும் அவள் குரல் மட்டும் இந்தக் கரையிலேயே தங்கிவிட்டது.

ஆச்சரியப்பட்டார்களா என்றால், ஒரு வாரம் கொஞ்சம் பட்டார்கள். மேலக்கரைக்காரர்கள் முதலில் அவள் வாயைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் காதைக் குடைந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள், ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருந்ததால் அங்கே அவள் நன்றாகவே பேசினாள், டாக்டர் புருசனைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். ஊருக்கு வெளியே எங்கேயும் கேட்கும், போனில் பேசினால் வெளியூர்க்காரனுக்குக் கேட்கும், கீழக்கரையில் மூலைமுடுக்கெல்லாம் கேட்கும், மேலக்கரை மண்ணில் நிற்கிறவனுக்கு மட்டும் ஒரு சொல்லும் விழாது. அவள் வீட்டுக் கோழிகள்கூடச் சாயங்காலம் அவள் "பா பா" என்று கூப்பிடக் கூப்பிட அசையாமல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.

பிறகு பழகிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு எதுவும் பழகிவிடும், அதுதான் அதன் வியாதி. கீழக்கரையில் நாங்கள் காலையில் அவள் பால்காரனைத் திட்டுவதைக் கேட்டு எழுந்தோம், அவள் "சோறு வடிச்சாச்சு" என்றால் எங்கள் பெண்கள் தங்கள் உலையைப் பார்த்தார்கள், ராத்திரி அவள் புருசனோடு போடுகிற ஒருதலைச் சண்டையை டிவியை அணைத்துவிட்டுக் கேட்டோம். புருசன் என்ன பதில் சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்காது, அதை ஆளுக்கொன்றாக நாங்களே போட்டுக்கொண்டோம். பாலத்தைத் தாண்டிப் போகிறவனிடம் அவள் சொன்னதைச் சொல்லி அனுப்புவது ஒரு வேலையாகவே ஆயிற்று, போகிறவன் பாதியை மறந்து மீதியில் தன் சரக்கைச் சேர்த்துச் சொல்வான். மேலக்கரைக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, "கீழக்கரைக்காரன் வாயில வந்தது எந்தக் காலத்துல உண்மையா இருந்திருக்கு?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கே ஒரு தடவை அப்படி நடந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று அவள் கத்தியதைக் கேட்டு சைக்கிளை மிதித்துப் போய்ச் சொன்னால், வள்ளிநாயகம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுப் பாலப் பத்தி ஒனக்கு என்னடே சோலி?" என்கிறார். பொங்கட்டும் என்று திரும்பிவிட்டேன்.

வள்ளிநாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். பாலத்தைத் தாண்டிக் கிழக்கே நாலு அடி வைத்தால் மனைவி பேசுவது அவருக்குக் கேட்டிருக்கும். அவள் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை, மண்டி மேலக்கரையில், பஸ் மேலக்கரையில், எனக்குக் கீழக்கரையில் என்ன வேலை என்றுவிட்டார். காகிதத்தில் எழுதிக் காட்டினாள், எழுத்தில் அது கோபமா கேலியா என்று தெரியவில்லை என்றார். அடுக்களையிலிருந்து அவர் போனுக்கே அடித்துப் பேசிப் பார்த்தாள், கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "ஹலோ, ஹலோ, ஒண்ணும் விழல" என்று வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் அவர் முகம் தெளிந்து, கன்னம் கொஞ்சம் பூசின மாதிரி ஆகிவிட்டது. மேலக்கரையில் மற்றவர்களுக்கும் அப்படித்தான். காலில் குப்பையைக் கொட்டுகிறவனை, பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறவனை, பாலத்தடியில் சீட்டாடுகிறவனை நிறுத்தி வைத்துக் கேட்கிற ஒரே ஆள் அவள். அவள் இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர்கள் குப்பையைக் கொட்டிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் போகட்டும். அவளுக்கு ஒரே மகள், ஆவுடைச்செல்வி, திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறாள், முதல் வருசம். வள்ளிநாயகத்தின் அக்கா சங்கரவடிவு, அதே மேலக்கரையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள், ஒருநாள் வெற்றிலையும் பழமுமாக வந்து தன் மகனுக்குச் செல்வியைக் கேட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு எதற்கு, மாட்டையும் மண்டியையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். முப்பிடாதி, "மவ படிப்ப முடிக்கட்டும், அதுக்கப்பறம் அவ இஷ்டம், இப்பக் கிடையாது" என்று சொன்னது எங்கள் கரையில் டீக்கடை வரை தெளிவாகக் கேட்டது. பேச்சு முடிந்ததும் சங்கரவடிவு எழுந்து, தம்பி பெண்டாட்டி முகத்தில் எவ்வளவு சந்தோஷம் பாருங்கள், வாயே ஓயவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். செல்வி அப்பாவுக்குப் போன் போட்டு அழுதாள். அதற்கு அவர், "ஒங்கம்மையே ஒண்ணும் மறுத்துச் சொல்லலையேட்டி, ஒனக்கென்ன வந்துது?" என்றாராம்.

முப்பிடாதி அன்றைக்கே பாலத்தைத் தாண்டி வந்து உச்சிமாகாளியின் கடை வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க எடுத்த சத்தத்த நீங்கதான் குடுக்கணும். எம் மவ வாழ்க்கை இதுல கெடக்கு. துணிய எடுங்க."

மிக்சரின் துணியை எடுத்தார், கரண்டைப் போட்டார், ஐந்தாம் சேனலின் உச்சியில் இருந்த சிவப்புத் திருகை, மேலே இருப்பதுதான் பெரியது என்கிற தைரியத்தில், முழுக்கத் திருகினார். அவள் வாய் திறந்தாள், கிழிந்த ஸ்பீக்கரில் வருகிற மாதிரி கரகரவென்று உடைந்து வந்தது குரல், கரை முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. பயந்துபோய் ஃபேடரை இழுத்தார், சத்தம் குறைந்தது, ஆனால் உடைந்தது உடைந்தபடியே சின்னதாகக் கேட்டது. அப்போதாவது மேலே கெட்டதைக் கீழே சரிபண்ண முடியாது என்று அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அடுத்த நாள் நீலத் திருகுகளைத் திருகினார். ஒன்றைக் கூட்டினால் அவள் பேச்சு குடத்துக்குள்ளிருந்து வந்தது, இன்னொன்றைக் கூட்டினால் அவள் சொல்கிற ஒவ்வொரு 'ச'வும் காதில் ஊசி குத்தியது. பச்சையைத் திருகினார், வில்லுப்பாட்டுக்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்பதற்காக அவர் மேடையில் வைக்கிற பெட்டி ஒன்று கிடங்கில் சாக்குக்கு அடியில் கிடந்தது, அதற்குள்ளிருந்தும் முப்பிடாதி பேசினாள். ஒரு பொத்தானை அமுக்கினார், அன்றைக்கு முழுதும் அவள் குரல் இந்தக் கரையிலும் இல்லை, எந்தக் கரையிலும் இல்லை. மேலக்கரையிலிருந்து ரெண்டு பேர் வந்து, இப்படியே விட்டுவிடுங்கள், ஊர் சமாதானமாக இருக்கும் என்று யோசனை சொன்னார்கள். அவள் உச்சிமாகாளியின் மேசைமேல் கையால் அடித்த அடியில் பொத்தான் தானாக எழும்பிவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்து அவள் சொன்னதை நான் கேட்டேன், அதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் எல்லாத் திருகையும் ஆத்திரத்தோடு நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தார், மஞ்சளையும் சேர்த்துத்தான். வைத்துவிட்டு அவளை அங்கேயே நிற்க வைத்துப் பேசச் சொன்னார். அவள் பேசினாள். எனக்கு முன்னைவிடக் கொஞ்சம் தணிந்து கேட்டது, களைத்துப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். உச்சிமாகாளி பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தாரா? போகவில்லை. முப்பது வருசம் சவுண்ட் போட்ட மனிதர், தன் நாற்காலியிலிருந்து எழுந்து அடுத்த பக்கம் எப்படிக் கேட்கிறது என்று ஒரு தடவை போய் நின்றதில்லை. போனை எடுத்து வள்ளிநாயகத்துக்கு அடித்தார்.

"அண்ணாச்சி, மைனி இங்க பேசிட்டிருக்காவ. அங்க கேக்குதா?"

அந்தப் பக்கம் வாழைக்காய் எண்ணுகிற சத்தம் நின்றது.

"இல்லப்பா. ஒண்ணும் கேக்கல" என்றார் வள்ளிநாயகம்.

"சரி, இது சரிவராது" என்று உச்சிமாகாளி கரண்டை நிறுத்திவிட்டுத் துணியைப் போட்டு மூடினார். மைனி, எல்லாம் அம்மன் பார்த்துக்குவா என்றார். அம்மனுக்கு வேறு வேலையில்லை பாருங்கள்.

நிச்சயத்துக்குப் பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள். பந்தலுக்கு மேலக்கரையே சொந்தமாகக் கீற்று முடைந்தது. முப்பிடாதி வீட்டுக்குள் வேண்டாம் என்றாள், வாசலில் நின்று வேண்டாம் என்றாள், அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்துக்கொண்டே வேண்டாம் வேண்டாம் என்றாள், பிள்ளைகள் முட்டை வேண்டாமாக்கும் என்று விழித்தன. எங்கள் கரையில் கேட்டுக் கேட்டு எங்களுக்கே சோறு இறங்கவில்லை. நாலைந்து பேராகப் போய்ச் சொன்னோம், எங்களை மேலக்கரைக் கல்யாணத்தில் மூக்கை நுழைக்கிறவர்கள் என்று விரட்டினார்கள். எனக்கு அந்த நாட்களில் வந்த எரிச்சலுக்கு, பஞ்சர் ஒட்ட வந்தவனெல்லாம் என்னிடம் ஏச்சு வாங்கினான்.

அப்போதுதான் கோழி விஷயம். பூ வைக்கிறதுக்கு ரெண்டு நாள் முந்தைய சாயங்காலம், கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தும், வாய்ப் பழக்கத்தில் "பா பா" என்றிருக்கிறாள். ஆறு கோழிகளும் குப்பையை விட்டுவிட்டு ஓடி வந்து அவள் காலைச் சுற்றி நின்றன. தூரப் போய்க் கூப்பிட்டாள், அங்கேயும் வந்தன. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள், கதவைக் கொத்தின. அதைப் பார்த்தவள், மறுநாள் விடிந்ததும் எதிர்க்கடைக்கு வந்து உச்சிமாகாளியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அதில் தானே உட்கார்ந்தாள்.

"நீங்க தொடாதிய அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்."

போனை எடுத்து மகளுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மிக்சரின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். நான் பிரேக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"செல்வி, இதுல மேல இருந்து ஒவ்வொண்ணா சொல்லுதேன். எது எதுக்குன்னு சொல்லு. செவப்பு."

"கெயின் மா" என்றது போன். "மைக்ல இருந்து எவ்வளவு உள்ள விடணும்ங்கிறது அது. மடைய எவ்வளவு தொறக்கிறோம்ங்கிற மாதிரி. ரொம்பத் தொறந்தா வரப்பு ஒடையும், அப்பறம் கீழ எதக் கொறச்சாலும் ஒடஞ்சது ஒடஞ்சதுதான்."

உச்சிமாகாளி என்னைப் பார்த்தார். நான் பிரேக் கம்பியைப் பார்த்தேன்.

"நீலம் மூணு."

"கீச்சு, நடு, கனம். குரல்ல எந்தப் பாகம் தூக்கலா இருக்கணும்னு. நல்ல குரல்னா அதத் தொடவே வேண்டாம்மா. ஒனக்கு வேண்டாம்."

"பச்சை."

"ஆக்ஸ். வேற ஒரு பெட்டிக்குத் தனியா ஒரு வாய்க்கால் வெட்டி அனுப்புறது. பாடுறவங்களுக்கு அவங்க குரலே கேக்கணும்லா, அதுக்கு. வெளிய கேக்குற மெயின் ஸ்பீக்கருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அடியில மியூட்னு பொத்தான் இருக்கும், அது முழுசா அடைச்சிரும். ஃபேடர் கடைசி. உள்ள வந்ததுல வெளிய எவ்வளவு போகணும்னு."

"மஞ்சளச் சொல்லாம விட்டுட்டியே."

"அது பான்மா. இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவுன்னு பிரிக்கிறது. இடது கோடிக்குத் திருப்பினா இடது ஸ்பீக்கருக்கு மட்டும்தான் போகும். எந்த ஸ்பீக்கர் எங்க இருக்கு?"

"இடது கீழக்கரை. வலது மேலக்கரை."

போனில் அந்தப் பிள்ளை காகிதத்தில் ஏதோ கிறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "யாரும்மா அப்பிடி வயர் இழுத்தது?" என்றாள். உச்சிமாகாளி தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"அம்மா, அந்த மஞ்சள்ல ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அது இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

முப்பிடாதி குனிந்தாள். நானும் குனிந்தேன்.

"நடுவுல" என்றாள்.

"நடுவுலயா? நல்லாப் பாரு. நடுவுல இருந்தா ரெண்டு பக்கமும் சமமாப் போகும்மா. தனியா ஒரு பக்கம் போகும்போது இருந்ததவிட ரெண்டு பக்கமும் லேசா கொறஞ்சு கேக்கும், அவ்வளவுதான். அப்பிடின்னா மேலக்கரைக்கும் கேக்கணுமே."

அவள் நிமிர்ந்தபோது அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. "அண்ணாச்சி, இத எப்ப நடுவுல வச்சிய?" என்று கேட்டாள்.

"அது... அன்னைக்கே மைனி. வள்ளிநாயகத்துக்குப் போன் போட்டேம்லா, அதுக்கு முந்தி" என்றார் அவர்.

நான் வேகமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் குரல் தணிந்து கேட்டது அன்றையிலிருந்துதான். அப்படியானால் அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒவ்வொரு வேண்டாமும், அங்கன்வாடியில் சொன்னது, வாசலில் சொன்னது, ராத்திரி அடுக்களையில் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னது எல்லாம், எனக்குக் கேட்ட மாதிரியே மேலக்கரையில் வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறது. ஒரு கரை முழுக்க, ஒருத்தர் மாற்றி ஒருத்தர், ஒருத்தரிடம் ஒருத்தர் கலந்துகொள்ளாமலேயே, கேட்காத மாதிரி இருந்திருக்கிறார்கள். எனக்குக் கையில் இருந்த பிரேக் கம்பியை யார் மேலாவது வீச வேண்டும் போல இருந்தது. அவள் வீசவில்லை, கத்தவில்லை. போனை எடுத்து, "செல்வி, நாளைக்கு மொத பஸ்ல வா. பெட்டியப் பெருசாக் கட்டாத, சாயங்காலம் திரும்பிரலாம்" என்று சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனாள்.

பூ வைக்கிற அன்று எங்களுக்கும் அழைப்பு இருந்தது, பின் வரிசை. பந்தல் நிறைய ஆள். நடுவில் தாம்பாளத்தில் பூ, சேலை, தேங்காய், பழம். வள்ளிநாயகம் புது வேட்டியில் வாழைத்தார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சங்கரவடிவு, அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. செல்வி அம்மாவுக்குப் பக்கத்தில் தலையைக் குனியாமல் நின்றாள். எங்கள் ஊர் முறைப்படி தாம்பாளம் கை மாறுவதற்கு முன் பெண்ணைப் பெற்றவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்பதற்கு என்று இருந்த பெரியவர் எழுந்து, "பொண்ணுக்கு அம்மைக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் முப்பிடாதி.

பந்தலில் ஒரு தலை திரும்பவில்லை. பெரியவர் சிரித்த முகத்தோடு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அம்மைக்காரி ஒண்ணும் மறுத்துச் சொல்லல. அப்பச் சரி, தட்ட மாத்துங்க."

சங்கரவடிவு தாம்பாளத்தில் கையை வைத்தாள். முப்பிடாதி குரலை உயர்த்தவில்லை, ஒரு அடி முன்னே வரவில்லை, வீட்டில் உப்புக் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"நாற்காலிக்கு அடியில பாம்பு கெடக்கு, பாத்து."

அவ்வளவுதான், மேலக்கரை எழுந்தது. பெரியவர் மேசைமேல் ஏறினார், மாப்பிள்ளை பந்தல்காலைக் கட்டிக்கொண்டு ஏறினான், சங்கரவடிவு சேலையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு பெஞ்சின்மேல் நின்று கத்தினாள், பந்தலுக்கு வெளியே அடுப்படியில் இருந்தவர்கள் அரிசி மூட்டைமேல் ஏறினார்கள், தெருக்கோடியில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் காலைத் தூக்கி மிஷின்மேல் வைத்துக்கொண்டார், காலின் படித்துறையில் துணி துவைத்தவர்கள் தண்ணீருக்குள் குதித்தார்கள், பாலத்தடியில் சீட்டாடியவர்கள் பாலத்தின்மேல் இருந்தார்கள். எங்கள் கரையிலும் எல்லோரும் ஏறித்தான் நின்றார்களாம், அதை விடுங்கள், நாங்கள் எப்போதும் கேட்கிறவர்கள். வள்ளிநாயகம் தன் நாற்காலிமேல் நின்று, ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, காலடியில் பாம்பைத் தேடினார்.

"பாம்பு இல்ல" என்றாள் முப்பிடாதி.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். விட்ட பிறகுதான் தாங்கள் எதைக் கேட்டு மூச்சு விட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஏறினவன் இறங்கவில்லை, பக்கத்தில் நிற்கிறவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் போய்த் தாம்பாளத்தை எடுத்து, அண்ணாந்து, பெஞ்சின்மேல் நின்ற சங்கரவடிவின் கையில் கொடுத்தாள்.

"எம் மவ படிப்ப முடிப்பா. அதுக்கப்பறம் அவ இஷ்டம். கேட்டுதா மைனி?"

"கேட்டுது" என்றாள் சங்கரவடிவு.

முப்பிடாதி புருசன் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் நாற்காலிமேல்தான் இருந்தார்.

"ஒங்களுக்கு?"

"கேட்டுது."

"எப்ப இருந்து?"

அவர் வேட்டியை விட்டார், மறுபடி பிடித்தார்.

"மாகாளி போன் பண்ணினான்லா" என்றார். "அன்னையில இருந்து."

செல்வி சாயங்கால பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள், இப்போது இரண்டாம் வருசம் படிக்கிறாள். முப்பிடாதி அங்கன்வாடிக்கு வருகிறாள், பிள்ளைகளோடு பாடுகிறாள், எங்களோடு பேசுகிறாள், கோழியைக் கூப்பிடுகிறாள், மேலக்கரையில் ஒரு மனிதரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வள்ளிநாயகம் மெலிந்துவிட்டார். மண்டியை அடைத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுகிறாராம், அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டு, பாத்திரம் உருண்டால்கூட, "ஏதும் சொன்னியா?" என்று கேட்கிறாராம்.